நரேன் ஓட்டிய ட்ரக், மொன்டோயா ஜெயிக்காத ஓவல்: ஃபார்முலா ஓட்டுநர்களுக்கு நாஸ்கார் ஏன் வசப்படுவதில்லை?

வளையம்77 | பிப்ரவரி 3, இரவு 9.12

நரேன் கார்த்திகேயன் 2010-ல், அமெரிக்க ஸ்டாக் கார் (சாலைக் கார் வடிவத்துப் பந்தயக் கார்) பந்தயமான நாஸ்காரின் ட்ரக் தொடரில் ஒன்பது பந்தயம் ஓடினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13-ஆம் இடம். அந்த வருஷம் முழுக்க முதல் பத்துக்குள் ஒருமுறைகூட வரவில்லை. அடுத்த வருஷம் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பிவிட்டார். ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்த ஹுவான் பாப்லோ மொன்டோயா, நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் ஏழு முழு சீசன் ஓடி இரண்டு முறை ஜெயித்தார். 2007 சொனோமா, 2010 வாட்கின்ஸ் க்ளென், இரண்டுமே ரோடு கோர்ஸ், அதாவது இரு பக்கமும் வளையும் பாதை, முட்டை வடிவ ஓவல் இல்லை. ஜாக் வில்நெவ், டாரியோ ஃபிராங்கிட்டி, ஸ்காட் ஸ்பீட் என்று வந்த யாரும் நிலைக்கவில்லை.

நான் சொல்வது இதுதான். ஓவல் என்றால் இடப்பக்கம் திரும்புவது மட்டும்தான். அதிலேயே இவர்கள் திணறினார்கள் என்றால் ஃபார்முலா ஒன்னில் பேசுவது கார்தான், ஆள் இல்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிட்சுவர் | பிப்ரவரி 3, இரவு 10.40

மறுக்கிறேன். கேள்வியிலிருந்து முதலில் ஓவலை எடுத்துவிடுங்கள்.

மொன்டோயா 2000-லேயே இண்டியானாபொலிஸ் ஓவலில் நடக்கும் இண்டி 500 ஜெயித்தவர். ஃபிராங்கிட்டி 2007 இண்டி 500 ஜெயித்த கையோடு நாஸ்காருக்குப் போனார். உங்கள் பட்டியலில் விட்டுப்போன சாம் ஹார்னிஷ் 2001, 2002, 2006 என மூன்று முறை ஐஆர்எல் (ஃபார்முலா பாணிக் கார்கள் ஓடும் அமெரிக்கத் தொடர், இன்றைய இண்டிகார்) சாம்பியன், 2006 இண்டி 500 வெற்றியாளர். முதல் இரண்டு பட்டங்கள் வந்தபோது அந்தத் தொடரில் ஓவலைத் தவிர வேறு பாதையே கிடையாது. ஓவல் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. அவர்களுக்குப் புதிதாக இருந்தது கார்.

பிட்சுவர் | பிப்ரவரி 3, இரவு 11.25

காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2006-ல் மொன்டோயா விட்டுவந்த ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரையும் சேர்த்துச் சுமார் 600 கிலோ. அவர் ஏறிய கப் கார் ஆள் இல்லாமலே 1,500 கிலோவைத் தாண்டும். கார்புரேட்டர் வைத்த 5.86 லிட்டர் வி8, நாலு கியர் எச்-பேட்டர்ன், பின்னால் ஒற்றை ஆக்ஸில் (இரு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே தண்டு), 15 அங்குல இரும்புச் சக்கரம், ஐந்து நட்டு. டயருக்கு முன்கூட்டியே சூடேற்றும் போர்வை கிடையாது.

எடையை விட முக்கியம் டவுன்ஃபோர்ஸ். ஃபார்முலா கார் வேகமாகப் போகப் போகத் தன் எடையை விட அதிகமாகக் காற்றால் தரையில் அழுத்தப்படும். அதனால் வேகம் கூடினால் பிடிப்பும் கூடும். பிரேக்கைத் தாமதமாக, முதல் மிதியிலேயே முழு பலத்தோடு மிதித்து, வேகம் குறையக் குறைய விடுவார்கள். பத்து வயதில் கார்ட் ஏறியதிலிருந்து, காரை நம்பி உள்ளே விடு என்பதுதான் பாடம்.

ஸ்டாக் காரில் அந்த நம்பிக்கையே எதிரி. வளைவுக்குள் மணிக்கு இரண்டு மைல் கூடுதலாக நுழைந்தால் வலது முன் டயர் சறுக்கி மேலே போகும். சறுக்கினால் சூடேறும். சூடேறிய டயர் அடுத்த இருபது சுற்றுக்குப் பழைய பிடிப்பைத் தராது. ஆகவே சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டு, நடுவளைவில் காரை உருளவிட்டு, முன்பக்கம் திரும்பி முடித்த பிறகே மிதிக்க வேண்டும். நுழைவில் இழப்பதை வெளியேறும்போது வாங்கிக்கொள்ளலாம்.

நரேன் அறிமுகமான மார்ட்டின்ஸ்வில்லில் இது இன்னும் கொடுமை. சுற்று 0.526 மைல், நேர்ப்பாதை 800 அடிதான், வளைவில் சாய்வு வெறும் 12 டிகிரி. நேர்ப்பாதையில் தார், வளைவில் கான்கிரீட். சுற்றுக்கு இரண்டு முறை கடும் பிரேக். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வளைவுக்குள் போகிறவருக்கு டிஸ்க் சிவந்து, அந்தச் சூடு சக்கரத்துக்கு ஏறி, டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பே உருகிக் காற்று இறங்கிவிடும். முதல் தடவையிலேயே 250 சுற்றையும் தாக்குப்பிடித்து 13-ஆவதாக வருவது சாதாரண விஷயம் அல்ல.

கரித்தூள் | பிப்ரவரி 4, காலை 7.05

ஹார்னிஷ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கால ஐஆர்எல் காரை ஒன்றரை மைல் ஓவலில், டயர் நன்றாக இருக்கும்வரை, சுற்று முழுக்க காலை எடுக்காமலே ஓட்டலாம். டெக்சாஸ், சிகாகோலாண்ட் எல்லாம் அப்படித்தான். எந்தக் கோட்டில் போவது, எப்போது ஒதுங்குவது என்பதில்தான் திறமை. அதே ஒன்றரை மைல் பாதையில் கப் கார் ஓட்டும்போது ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்தாக வேண்டும். பாதை ஒன்று, பழகிய கண் ஒன்று, காலுக்குத்தான் எல்லாமே புதுசு. 2011 நவம்பரில் ஃபீனிக்ஸில் நேஷன்வைட் (கப்புக்கு அடுத்த நிலைத் தொடர், முன்பு புஷ் என்ற பெயர்) வெற்றி, 2013-ல் அந்தத் தொடரில் சாம்பியன் பட்டத்துக்கு மூன்றே புள்ளி குறைவு. வந்து ஐந்தாறு வருஷம் ஆன பிறகு அவருக்கு அது பிடிபட்டது. அதற்குள் கப் வாய்ப்பு போய்விட்டது.

வளையம்77 | பிப்ரவரி 4, மதியம் 1.30

சரி, கார் வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். உலகத்தரமான ஓட்டுநருக்கு ஒரு காரைப் பழக எவ்வளவு காலம் ஆகும்? ஆறு மாதம் போதாதா?

பிட்சுவர் | பிப்ரவரி 4, இரவு 9.50

காரைப் பழகுவதோடு முடியவில்லை. காரைப் பற்றிப் பேசப் பழக வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தடையாகப் படுகிறது.

ஃபார்முலா ஒன்னில் காரிலிருந்து நேரடியாகத் தரவு வந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த வளைவில் எவ்வளவு முன்பக்கம் சறுக்குகிறது என்று பொறியாளருக்குத் தெரியும். அன்றைய கப் பந்தயத்தில் குழுவை நடத்தும் குரூ சீஃபுக்கு அந்த வசதி கிடையாது. ரேடியோவில் ஓட்டுநர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த பிட்டில் (டயர் மாற்ற, காரைச் சரிசெய்ய நிறுத்தும்போது) எதைத் திருப்புவது என்று முடிவெடுப்பார்.

இரண்டு சொல்தான் அடிப்படை. முன்பக்கம் திரும்ப மறுத்தால் டைட். பின்பக்கம் வழுக்கி வந்தால் லூஸ். வளைவை மூன்றாகப் பிரித்து, நுழைவில் இப்படி, நடுவில் இப்படி, வெளியேறும்போது இப்படி என்று சொல்ல வேண்டும். டயர் புதிதாக இருந்தபோது எப்படி, முப்பது சுற்று கழித்து எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. கார் நடுவளைவில் டைட். திரும்பவில்லை என்று ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கிறார். வளைவு முடியும் இடத்தில் முன் டயருக்குத் திடீரென்று பிடிப்பு திரும்பும்போது சக்கரம் தேவைக்கு மேல் ஒடிந்து நிற்கிறது, காலோ ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. பின்பக்கம் சட்டென்று வெட்டி வெளியே வருகிறது. ஓட்டுநர் நினைவில் நிற்பது அந்தக் கடைசி உதறல்தான். “வெளியேறும்போது லூஸ்” என்கிறார். குரூ சீஃப் அதை நம்பி காரை டைட் ஆக்குகிறார். அடிப்படைக் கோளாறே டைட், அது இன்னும் மோசமாகிறது. அடுத்த ஐம்பது சுற்று வீண்.

இதை அங்கேயே வளர்ந்தவர்கள் “டைட்டாக இருப்பதால் லூஸ்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். இது சிமுலேட்டரில் வராது. எத்தனையோ இரவுகள் தோற்றுத்தான் வரும்.

காற்றுவழி | பிப்ரவரி 5, காலை 6.48

வெட்ஜ் பற்றி யாராவது விளக்க முடியுமா? பின் கண்ணாடி ஓட்டைக்குள் நீளமான சாவியை விட்டுத் திருகுகிறார்களே, அது ஸ்பிரிங்கை இறுக்குவதுதானே? வலது பின்பக்கம் இறுக்கினால் கார் டைட் ஆகும் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

கரித்தூள் | பிப்ரவரி 5, காலை 8.15

நேர்மாறு. இறுக்குவது ஸ்பிரிங்கை அல்ல, ஸ்பிரிங் மேலே உட்கார்ந்திருக்கும் திருகை. மொத்த எடையில் வலது முன் + இடது பின் சக்கரங்கள் தாங்கும் பங்குதான் குறுக்கெடை, அதாவது வெட்ஜ். அது கூடினால் டைட், குறைந்தால் லூஸ். வலது பின் திருகைக் கீழே இறக்கினால் அந்தச் சக்கரத்துக்கும் அதற்குக் குறுக்கே இருக்கும் இடது முன்சக்கரத்துக்கும் சுமை கூடும். அப்போது குறுக்கெடை குறையும், கார் லூஸ் ஆகும். இடது பின்பக்கம் இறக்கினால் டைட். பிட்டில் அரைச் சுற்று, ஒரு சுற்று என்றுதான் பேசுவார்கள், பெரும்பாலும் அதற்கு மேல் போகாது.

டிராக் பார் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி. உயர்த்தினால் லூஸ், இறக்கினால் டைட். டயர் காற்றும் ஒரு கருவிதான். வலது பின் டயரில் அரை, ஒரு பவுண்டு கூட்டினால் லூஸ் பக்கம் போகும். இடது பின்னில் கூட்டினால் டைட் பக்கம் போகும். இடப்பக்கக் காற்றழுத்தம் எப்போதும் வலப்பக்கத்தை விடக் குறைவு, வலது டயரின் சுற்றளவு இடதை விடப் பெரிது. அந்த வித்தியாசத்தாலேயே கார் தானாக இடப்பக்கம் போகப் பார்க்கும். ஃபார்முலா ஒன்னிலிருந்து வருபவருக்கு நேர்ப்பாதையிலும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டுவதே முதல் நாள் விசித்திரமாக இருக்கும்.

பிட்சுவர் | பிப்ரவரி 6, இரவு 10.02

2009 இண்டியானாபொலிஸை யாரும் இன்னும் தொடவில்லை.

மொன்டோயா 160 சுற்றில் 116 சுற்று முன்னிலையில் இருந்தார். அன்று அவரைத் தொட ஆள் இல்லை. கடைசி பிட்டில் வேக வரம்பை மீறியதாக அறிவிப்பு, பிட் ரோடு வழியாக ஒரு முறை கடந்துபோகும் தண்டனை, 11-ஆம் இடம். ஓவல் வெற்றிக்கு அவர் அவ்வளவு அருகில் வந்த நாள் அது. ஓவல் தெரியாமலா 116 சுற்று? இண்டியின் சாய்வு 9 டிகிரிதான். நாலு தனித்தனி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பிரேக், நீண்ட நேர்ப்பாதை. ரோடு கோர்ஸ் ஓட்டுநரின் கை அங்கே செல்லும். 2007-லும் அங்கே இரண்டாவதாக வந்தார்.

பிட் வேக விஷயம் தெரியாதவர்களுக்கு: ஃபார்முலா காரில் ஒரு பொத்தான் அழுத்தினால் இன்ஜினே வரம்பு வேகத்தில் நிற்கும். கப் காரில் அந்தப் பொத்தான் இல்லை, வேகமானியும் இல்லை. கியர் விகிதத்தையும் டயர் சுற்றளவையும் வைத்து, இரண்டாம் கியரில் இத்தனை ஆர்பிஎம் என்று குழு கணக்குப் போட்டுக் கொடுக்கும். பந்தயத்துக்கு முன்பு பேஸ் கார் (எல்லோருக்கும் முன்னால் போகும் வழிகாட்டிக் கார்) பிட் வேகத்தில் சுற்றும்போது ஓட்டுநர் அந்த முள்ளைச் சரிபார்த்துக்கொள்வார். இண்டியில் வரம்பு மணிக்கு 55 மைல், சலுகை 5 மைல். எல்லோரும் 59.9-ல்தான் ஓட்டுவார்கள், ஏனென்றால் 55-ல் போனால் ஒவ்வொரு பிட்டிலும் இடம் போகும். பிட் ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சராசரி வேகம் எடுப்பார்கள். முள் மயிரிழை கூடினாலும் மாட்டிக்கொள்வோம். மாட்டிக்கொண்டார்.

வளையம்77 | பிப்ரவரி 6, இரவு 10.30

டோனி ஸ்டூவர்ட்? 1997 ஐஆர்எல் சாம்பியன். 1999-ல் கப் தொடரில் முதல் வருஷமே மூன்று வெற்றி, புள்ளிப் பட்டியலில் நான்காவது. அப்புறம் 2002, 2005, 2011 சாம்பியன். அவரும் திறந்த சக்கரம் (ஃபார்முலா கார் போலச் சக்கரத்தை மூடாத கார்) ஓட்டியவர்தானே. அவருக்கு மட்டும் எப்படி?

கரித்தூள் | பிப்ரவரி 7, காலை 7.20

திறந்த சக்கரம் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஸ்டூவர்ட் அமெரிக்கப் பந்தய அமைப்பான யூஎஸ்ஏசியில் மிட்ஜெட், ஸ்பிரிண்ட், சில்வர் கிரவுன் என்ற மூன்று கார் வகைப் பட்டமும் 1995-ல் ஒரே வருஷத்தில் எடுத்தவர். ஸ்பிரிண்ட் காரும் திறந்த சக்கரம்தான், ஆனால் மண் பாதை. பின் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் கிடையாது. காரைத் திருப்புவதே ஆக்ஸிலரேட்டர்தான். பின்பக்கம் எப்போதும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே வளர்ந்தவருக்கு லூஸ் காரைக் கண்டால் பயம் வராது. ஜெஃப் கோர்டன், ரயன் நியூமன், கேஸி கேன், கைல் லார்சன் எல்லோரும் அந்தப் பள்ளிதான். 1967 டேடோனா 500 ஜெயித்த மாரியோ ஆன்ட்ரெட்டி, 1972-ல் ஜெயித்த ஏ.ஜே. ஃபாய்ட் இருவருக்கும் மண் பாதை அத்துபடி.

அதோடு ஸ்டூவர்ட்டுக்கு அவகாசம் கொடுத்தார்கள். கப் காரில் உட்காரும் முன்பு 1996 முதல் 1998 வரை புஷ் தொடரில் விட்டுவிட்டு ஓடினார். மொன்டோயாவுக்குக் கிடைத்த முன்னோட்டம் 2006 இலையுதிர்காலத்தில் சில வாரங்கள். டல்லடேகாவில் ஆர்கா (நாஸ்காருக்குக் கீழ்நிலை ஸ்டாக் கார் தொடர்), புஷ் தொடரில் சில பந்தயங்கள், சீசன் கடைசியில் ஹோம்ஸ்டெட்டில் கப். 2007 பிப்ரவரியில் டேடோனா 500.

பிட்சுவர் | பிப்ரவரி 7, இரவு 11.10

கரித்தூள் சொன்ன அவகாசத்தில்தான் நரேனின் கதை இருக்கிறது. அவரை அளக்க வேண்டிய கோல் நெல்சன் பிக்கே ஜூனியர். அவரும் ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்தவர், அவரும் 2010-ல் ட்ரக்கில் சில பந்தயம் ஓடித் தொடங்கியவர். ஆனால் 2011-ல் முழு சீசன் கிடைத்தது. 2012-லும் முழு சீசன். அந்த வருஷம் மிச்சிகன், லாஸ் வேகாஸ் இரண்டிலும் ஜெயித்தார். முதலாவது இரண்டு மைல், அடுத்தது ஒன்றரை மைல், இரண்டுமே ஓவல். ஸ்காட் ஸ்பீட் 2008-ல் டோவரில் ட்ரக் பந்தயம் ஜெயித்தார், அதுவும் ஓவல். ஃபார்முலா ஒன் ஓட்டுநரால் முடியாது என்ற வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

நரேன் போன நேரமும் மோசம். 2009 முதல் தேசியத் தொடர்கள் ஓடும் பாதைகளில் தனிப்பட்ட சோதனை ஓட்டத்தை நாஸ்கார் தடை செய்திருந்தது. அதற்கு முன்பு வந்தவர்கள் தனியாகச் சுற்றிப் பழகலாம். தடைக்குப் பிறகு ஒரு புதியவருக்கு அந்தப் பாதையில் கிடைப்பது பந்தய வாரத்துப் பயிற்சி நேரம் மட்டும். ஒரு பாதையில் கற்றது அடுத்ததற்கு உதவாது, ஏனென்றால் அடுத்தது நீளமும் வேறு, சாய்வும் வேறு. ஒன்பது பந்தயம் என்பது ஏறக்குறைய ஒன்பது தனித்தனி தொடக்கம். அந்த வருஷம் ட்ரக் தொடர் ரசிகர்கள் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவரைத்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருதை நம் ஊர்க்காரர் வாங்கினார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது சீசன் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இதை எவ்வளவு முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

காற்றுவழி | பிப்ரவரி 8, மாலை 5.15

என் பெயருக்கு ஏற்ப ஒன்று. பக்கத்தில் கார் இருந்தால் என்ன ஆகிறது என்பதை யாரும் எழுதவில்லை.

ஃபார்முலா காரில் முன்னால் போகும் காரின் பின்னால் நெருங்கினால் முன்பக்கப் பிடிப்பு போகும். ஸ்டாக் காரிலும் அது உண்டு. ஆனால் இங்கே நாலு பக்கமும் காற்று விளையாடும். பின்னால் வருபவர் பம்பருக்கு அருகில் மூக்கை வைத்தாலே பின்பக்கத் தகடான ஸ்பாய்லருக்குப் போகும் காற்று கெட்டு முன்னால் இருப்பவர் லூஸ் ஆவார், தொடவே வேண்டாம். உள்வளையத்தில் ஒருவரை முந்தும்போது அவர் உங்கள் வலது கதவுக்கு ஒட்டி வந்தால், உங்கள் காரின் வலப்பக்கத்தைத் தாங்கும் காற்று போய்விடும். முந்திக்கொண்டிருக்கும் நீங்கள்தான் சுழல்வீர்கள். நேர்ப்பாதையில் பக்கத்துக் காரின் பின் ஓரத்தை ஒட்டி மூக்கை வைத்தால் காற்று அவருடைய ஸ்பாய்லரில் மோதி அவர் வேகம் குறையும். ட்ரக் உயரமான பெட்டி என்பதால் இந்த விளைவுகள் எல்லாம் அதில் இன்னும் பலமாக இருக்கும்.

சக்கரம் சக்கரத்தோடு உரசினால் கார் பறக்கும் என்று பழகியவர்கள் இவ்வளவு நெருக்கத்தைத் தவிர்ப்பார்கள். தவிர்ப்பவர் மேல் கோட்டுக்குத் தள்ளப்பட்டு இடங்களை இழப்பார். இதில் ஸ்பாட்டரின் குரலை நம்பவும் பழக வேண்டும். பார்வையாளர் மாடக் கூரையில் நின்று ரேடியோவில் வழிசொல்லும் அவர் “உள்ளே, உள்ளே, கதவருகில்... கிளியர்” என்று சொன்ன நொடியில் ஏறிவிட வேண்டும். கண்ணாடியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் இடம் மூடிவிடும்.

வளையம்77 | பிப்ரவரி 8, இரவு 8.40

2007-ல் ரெட் புல் குழுவில் வந்த ஆல்மெண்டிங்கர் 36-ல் 17 பந்தயம்தான் ஓடினார். அதுவும் அவகாசக் குறைவுதானா?

கரித்தூள் | பிப்ரவரி 8, இரவு 9.33

அது விதியின் கொடுமை. அப்போது உரிமையாளர் புள்ளியில் (ஓட்டுநருக்கு அல்லாமல் காருக்குச் சேரும் புள்ளி) முதல் 35 கார்களுக்கு இடம் உறுதி. புதுக் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, மிச்சம் இருக்கும் சில இடங்களுக்குத் தகுதிச் சுற்று நேரத்தால் போட்டி போட வேண்டும். தகுதி பெறாத வாரம் பந்தயச் சுற்றே கிடையாது. கற்க வேண்டியவருக்குத்தான் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. 2006 சாம்ப் காரில் (அமெரிக்காவின் இன்னொரு திறந்த சக்கரத் தொடர்) ஐந்து பந்தயம் ஜெயித்துவிட்டு வந்தவர் அவர். வில்நெவும் 2008 டேடோனா 500-க்குத் தகுதி பெறவில்லை, அந்த வருஷக் கப் முயற்சி அதோடு முடிந்தது. ஃபிராங்கிட்டிக்கு அந்த ஏப்ரலில் டல்லடேகாவில் கணுக்கால் உடைந்தது, ஜூலையில் விளம்பரதாரர் இல்லாமல் குழுவின் காரே நிறுத்தப்பட்டது. திரும்பிப் போய் 2009, 2010, 2011 மூன்று வருஷமும் இண்டிகார் சாம்பியன் ஆனார்.

வளையம்77 | பிப்ரவரி 9, காலை 9.00

“ஆள் இல்லை, கார்தான்” என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். கடைசியாக ஒன்று. 2022-ல் வந்த புது கப் காரில் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், வரிசைக் கியர், 18 அங்குல அலுமினிய சக்கரம், ஒற்றை நட்டு, அடியில் காற்றால் பிடிப்புத் தரும் டிஃப்யூஸர். இனி ஃபார்முலா ஆட்களுக்குச் சுலபமா?

பிட்சுவர் | பிப்ரவரி 9, இரவு 10.15

ரோடு கோர்ஸில் ஓரளவு. ஒற்றை ஆக்ஸில் போனதால் டிராக் பாரும் போய்விட்டது. இறங்கும் கியரில் பின்பக்கம் துள்ளுவதும் குறைந்தது. ஆனால் ஓவலில் இந்தக் கார் பழையதை விடக் கடினம் என்பேன். பழைய கார் பக்கவாட்டில் வழுக்கினால் அதன் உடல் காற்றில் சாய்ந்து கொஞ்சம் தாங்கும், ஓட்டுநருக்குப் பிடிக்க நேரம் கிடைக்கும். புதுக் காரின் இரு பக்கமும் ஒரே மாதிரி, பிடிப்பில் பெரும்பங்கு அடித்தளத்திலிருந்து வருகிறது, டயரின் பக்கச்சுவரும் குட்டை. எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை இல்லாமல் சுழலும்.

ட்ரக் தொடரில் இன்றும் ஒற்றை ஆக்ஸில், 15 அங்குல சக்கரம், ஐந்து நட்டு. நம் ஊரிலிருந்து இனி யாராவது போனால் வரிசை இப்படி இருக்கட்டும்: அரை மைல் பாதைகளில் லேட் மாடல் (உள்ளூர் ஸ்டாக் கார் வகை) கார் ஒரு வருஷம், அடுத்து ஆர்கா, அப்புறம் ட்ரக்கில் இரண்டு முழு சீசன். மூன்றாவது வருஷத்து ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் விமானம் ஏற வேண்டாம்.